கேஸ் போகவில்லை, தூசி அடைத்திருக்கிறது

வணக்கம் நேயர்களே. பால், தயிர், குளிர்பானம் அடுக்குகிற கண்ணாடிக் கதவுப் பெட்டியான விசி கூலரோ, ஐஸ்கிரீம் டீப் ஃப்ரீசரோ வைத்திருக்கிற கடைக்காரர்களுக்கான பேச்சு இது.

சித்திரை பிறந்துவிட்டால் கடைத்தெருவில் கேட்கிற புகார் ஒன்றுதான்: "கூலிங் பத்தலை, கேஸ் போயிடுச்சு போல." உடனே கேஸ் ரொப்ப ஆள் தேடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். கேஸ் என்பது பெட்டிக்குள் இருக்கிற சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோகிற பொருள். சைக்கிள் டியூப் காற்று மாதிரி தானாக இறங்குகிற பொருளல்ல அது. குழாயைப் பற்றவைத்து மூடிய சுற்று. ஓட்டை விழாதவரை, பத்து வருடமானாலும் அதே கேஸ்தான் உள்ளே சுற்றும்.

அப்படியானால் கூலிங் ஏன் குறைகிறது? குனிந்து பாருங்கள். பெரும்பாலான விசி கூலர்களில் அடிப்பக்கம் துளைபோட்ட ஒரு மூடி இருக்கும். அதன் பின்னால் மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். அதுதான் கண்டென்சர். பெட்டிக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற இடம். தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்தால் காற்று புகாது, சூடு போகாது. கேஸை அழுத்திச் சுற்றவிடுகிற கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும், கொதிக்கும், "டக்" என்று நிற்கும், ஆறியபின் மறுபடி ஓடும். கரண்ட் பில் ஏறும், பால் திரியும். பழி மட்டும் கேஸ் மேல்.

பேக்கரிகளில் இது இன்னும் மோசம். மைதா சலிக்கிற மேசைக்குப் பக்கத்திலேயே கூலர் நிற்கும். பறக்கிற மாவை அதன் விசிறி உள்ளே இழுக்கும். மழைக்கால ஈரம் சேர்ந்தால் மாவு பசையாகித் தகடுகளில் அப்பிக்கொள்ளும். பஜ்ஜிக் கடையில் எண்ணெய்ப் புகை அதே வேலையைச் செய்யும். அதனால் மளிகைக் கடைக்கு மாதம் ஒருமுறை சுத்தம் போதும் என்றால், பேக்கரிக்கும் பஜ்ஜிக் கடைக்கும் 15 நாளுக்கு ஒருமுறை வேண்டும்.

சுத்தம் செய்வது எப்படி? முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, விசிறி கையருகே இருக்கிறது. மூடியைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷால் தகடுகள் நிற்கிற திசையிலேயே, மேலும் கீழுமாகத் தேயுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும். மடங்கிய இடத்தில் காற்று போகாது. பிறகு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு பிரஷ்ஷுக்கு வராது. அதற்கென்று உள்ள கிளீனரை மெக்கானிக் அடிக்கட்டும். காஸ்டிக் சோடா வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளியாவது விடுங்கள். அந்த இடத்தில் அட்டைப்பெட்டியைச் செருகாதீர்கள். தயவுசெய்து செருகாதீர்கள்.

இவ்வளவும் செய்தும் கூலிங் வரவில்லையா? அப்போது கேஸைச் சந்தேகப்படலாம். மெக்கானிக்கிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஓட்டை எங்கே?" ஓட்டையை அடைத்து, வேக்குவம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கிற காற்றை பம்ப்பால் உறிஞ்சி எடுத்து, பெட்டியின் விவரத் தகட்டில் எழுதியிருக்கிற கிராம் கணக்குக்கு எடைபோட்டு ரொப்ப வேண்டும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்-290, அதாவது புரொப்பேன். சமையல் கேஸின் உறவு. பயிற்சி இல்லாதவர் அதன் குழாயைத் தீ வைத்துப் பற்றவைக்கக் கூடாது.

கதவு ரப்பர். பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே குளிர் கசிகிறது. மடிப்புகளில் சேர்ந்த அழுக்கைப் பழைய டூத்பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் கொண்டு எடுங்கள். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

டீப் ஃப்ரீசரில் ஐஸ் அரை சென்டிமீட்டருக்கு மேல் கட்டினால் சரக்கை வேறு பெட்டிக்கு மாற்றி, அணைத்து, மூடியைத் திறந்து உருக விடுங்கள். கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேண்டாம். உள்சுவருக்குப் பின்னாலேயே கேஸ் குழாய் ஓடுகிறது. ஒரு குத்தில் முழு கேஸும் போய்விடும். கேஸ் நிஜமாகப் போகிற வழி இதுதான்!

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கையை உயர்த்துகிறார்கள், நேரமாகிவிட்டது. இரண்டே விஷயம். ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்துக் கூலருக்குள் விடுங்கள். 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18. கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிடம் கழித்துத்தான் போட வேண்டும், ஸ்டெபிலைசரில் அந்தத் தாமத வசதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். வணக்கம்.