நிலத்தை விற்றால் அது வருமானமா?

நண்பர்களே, வளர்ச்சிக்கு எல்லை உண்டா என்று உலகம் முழுவதையும் முன்னால் வைத்துப் பேசினால் பேச்சுக்குப் பிடி கிடைக்காது. 21 சதுர கிலோமீட்டருக்குள் வைத்துப் பேசுவோம். பசிபிக் கடலில் இருக்கும் நவூரு தீவு மொத்தமே அவ்வளவுதான்.

அதன் நடுமேட்டில் உரமாகப் பயன்படும் உயர்தரப் பாஸ்பேட் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் கூட்டுச் சேர்ந்து அதை வெட்டிக்கொண்டு போயின. அந்த உரத்தில் ஆஸ்திரேலியாவில் கோதுமையும் நியூசிலாந்தில் மேய்ச்சல் புல்லும் செழித்தன. அங்கே கூடிய விளைச்சல் வளர்ச்சிக் கணக்கில் ஏறியது. இங்கே குறைந்த மண் யார் கணக்கிலும் ஏறவில்லை.

1968-இல் நவூரு சுதந்திரம் பெற்றது. அப்புறம் அவர்களே வெட்டினார்கள். 1970-களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்தார்கள். வருமான வரி கிடையாது. சொந்த விமான நிறுவனம். மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம். 1993-இல் லியொனார்டோ டா வின்சியைப் பற்றி லண்டனில் போட்ட ஒரு இசை நாடகத்துக்குக்கூடப் பணம் கொடுத்தார்கள். அது ஊற்றிக்கொண்டது. 2004-இல் அந்த மெல்பர்ன் கட்டடமும் கைவிட்டுப் போனது. தீவில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இன்று கூரான சுண்ணாம்புப் பாறைக் காடு.

ஊதாரிகள் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாட்டன் நிலத்தை விற்றுச் சாப்பிடுகிறவனைச் சம்பாதிக்கிறவன் என்று நம் ஊரில் யாரும் சொல்வதில்லை. மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கோ அவனைச் சம்பாதிக்கிறவன் என்றுதான் சொல்கிறது. வெட்டி விற்றது வரவு. காலியான நிலத்துக்குச் செலவுப் பக்கமே இல்லை. நவூருவில் மட்டுமல்ல, எல்லா நாட்டிலும் இதே கணக்குதான்.

தொழில்நுட்பம் மாற்று கண்டுபிடிக்கும் என்பார்கள். சரி, நிலக்கரிக்குப் பதில் வெயில் உண்டு. பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரசுக்கு? அது இல்லாமல் எந்தப் பயிரும் வளராது; அதன் வேலையைச் செய்ய வேறு தனிமம் இல்லை. சாக்கடையில் விடுவதை மீட்டு வயலுக்குத் திருப்பலாம், அதற்கு வழி இருக்கிறது. ஆனால் புதிதாக வெட்டுவது மலிவாக இருக்கும்வரை யார் அந்தச் சிரமத்தை எடுப்பார்கள்?

நவூரு இப்போது கடலின் அடியைப் பார்க்கிறது. ஆழ்கடல் தரையில் நிக்கலும் கோபால்ட்டும் கலந்த உலோகக் கட்டிகள் கிடக்கின்றன, பேட்டரிக்கு வேண்டியவை. அவை பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். அதை அள்ள விரும்பும் ஒரு நிறுவனத்துக்காக 2021-இல் நவூரு அரசு சர்வதேசக் கடற்படுகை ஆணையத்துக்குக் கெடு வைத்தது: இரண்டு ஆண்டில் சுரங்க விதிகளை முடியுங்கள். அவர்களிடம் விற்க வேறு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. 2023 ஜூலையில் கெடு முடிந்தபோது விதிகள் தயாராகவில்லை.