பதின்மூன்று டாலருக்கு ஒரு பாட்டில்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் பேசி முடித்தபோது எனக்கே லேசாகக் கண் கலங்கிவிட்டது. மலிவு டிக்கெட் விற்கும் பட்ஜெட் விமானக் கம்பெனிகளில் ஏர் டெக்கன் போச்சு, கோ ஃபர்ஸ்ட் போச்சு, அமெரிக்காவில் ஸ்பிரிட் ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை திவால் மனு போட்டது என்று ஒப்பாரி மாதிரி அடுக்கினார். பெரிய கம்பெனி மனசு வைத்தால் நாலு மாதம் நஷ்டத்துக்கு ஓட்டியே சின்னவனை ஊதித் தள்ளிவிடும், அதனால் பட்ஜெட் விமானம் நிலைக்காது என்பது அவர் வாதம். ஐயா, இழவுக் கணக்கு எடுப்பதென்றால் முழுசாக எடுக்க வேண்டாமா? பான் ஆம் 1991-ல் மூடியது, கிங்ஃபிஷர் 2012-ல், ஜெட் ஏர்வேஸ் 2019-ல். இந்தப் பெரிய கம்பெனிகள் என்ன, பட்ஜெட் விமானம் மாதிரி தண்ணீர் பாட்டிலுக்குக் காசு வாங்கியா கெட்டுப்போனார்கள்?

சரி, அந்த நாலு மாத மிரட்டலுக்கே வருகிறேன். டெக்சாஸில் அது கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. சவுத்வெஸ்ட் என்ற கம்பெனியை 1967-ல் பதிவு செய்தார்கள். பறக்கவே விடக்கூடாது என்று ஏற்கெனவே பறந்துகொண்டிருந்த பிரானிஃப், டெக்சாஸ் இன்டர்நேஷனல், கான்டினென்டல் என்ற மூன்று விமானக் கம்பெனிகளும் கோர்ட்டுக்குப் போயின, வழக்கு நடத்தியே பாதிக் காசு கரைந்திருக்கும், முதல் விமானம் கிளம்பவே 1971 ஜூன் ஆகிவிட்டது. அடுத்த வருடம் சம்பளம் போடப் பணமில்லை. இருந்ததே நாலு விமானம், அதில் ஒன்றை விற்றார்கள்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று விமானத்தை வைத்துக்கொண்டு நாலு விமானத்தின் டைம் டேபிளை ஓட்ட வேண்டும். என்ன செய்வது? வந்து நின்ற விமானம் பத்தே நிமிடத்தில் ஆளை இறக்கி, ஆளை ஏற்றி மறுபடி கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். இருக்கை எண் கிடையாது, நம் டவுன் பஸ் மாதிரி முதலில் ஏறியவருக்கு ஜன்னல் ஓரம் (துண்டு போட்டு இடம் பிடித்தார்களா என்று மட்டும் தெரியவில்லை). தரையில் நிற்கும் விமானத்துக்கும் வாடகை ஏறும், வட்டி ஏறும், டிக்கெட் காசு மட்டும் வராது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு இது யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம் 1973. சவுத்வெஸ்ட்டுக்கு லாபம் வந்துகொண்டிருந்தது டாலஸ்–ஹூஸ்டன் என்ற ஒரே ரூட்டில்தான். பார்த்தது பிரானிஃப், 26 டாலர் டிக்கெட்டை 13 ஆக்கியது. எதிரணி சொன்ன அதே அடி. சவுத்வெஸ்ட் என்ன செய்தது? நீங்களும் 13 கொடுங்கள், பரவாயில்லை, ஆனால் 26 கொடுத்தால் ஒரு விஸ்கி பாட்டில் இலவசம் என்றது! வேலை விஷயமாகப் பறக்கிறவர்கள்தான் அந்த ரூட்டில் அதிகம். டிக்கெட் கம்பெனி காசு, பாட்டில் நம் வீட்டுக்கு. யார் 13 டாலர் கொடுப்பார்கள்? முக்கால்வாசிப் பேர் சிரித்துக்கொண்டே 26-ஐ எடுத்து வைத்தார்கள். அந்த வருடம்தான் சவுத்வெஸ்ட் முதன்முதலாக லாபம் பார்த்தது, அதிலிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட நஷ்டமில்லை. பிரானிஃப் 1982-ல் கடையைக் கட்டியது.

நம் ஊருக்கு வருவோம். ஏர் டெக்கன் மீது எனக்கும் பாசம் உண்டு, ஒரு ரூபாய்க்கு டிக்கெட் விற்று, விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்தவர்களை உள்ளே உட்கார வைத்த கம்பெனி அது. ஆனால் டிக்கெட் விலை இறங்கிய வேகத்துக்குச் செலவு இறங்கவில்லை. ஏடிஆர் என்ற சின்ன விமானமும் வைத்திருந்தார்கள், ஏர்பஸ் என்ற பெரிய விமானமும் வைத்திருந்தார்கள், அப்படியென்றால் இரண்டு வகை பைலட், இரண்டு வகை உதிரி பாகம், இரண்டு வகை மெக்கானிக். கடைசியில் கிங்ஃபிஷர் கைக்குப் போனது.

இன்டிகோ 2005-லேயே, கையில் ஒரு விமானம்கூட இல்லாதபோது, ஏர்பஸ்ஸின் ஏ320 ரகத்தில் 100 விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே ரகம், மொத்தமாக வாங்கினால் விலையும் இறங்கும். 2006 ஆகஸ்டில் பறக்க ஆரம்பித்தது. அடுத்த முறை சென்னை விமான நிலையத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடி வழியாகப் பாருங்கள், இன்டிகோ விமானத்துக்குப் படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மடிந்து மடிந்து இறங்கும் ஒரு சாய்தளம் நிற்கும், பெட்டியை உருட்டிக்கொண்டே ஏறலாம், வயதானவரும் திணறாமல் ஏறலாம், அதில் மிச்சமாகும் நிமிடமும் காசுதான்.

கோ ஃபர்ஸ்ட் விஷயத்தில் மட்டும் எதிரணிக்கு அரை மார்க் தருகிறேன். எஞ்சின் கோளாறால் விமானங்கள் தரையில் நின்றதும் அது 2023-ல் படுத்துவிட்டது. அதே எஞ்சின் தகராறில் இன்டிகோவுக்கும் பல டஜன் விமானங்கள் நின்றன, அதற்கு ஓட்ட மீதி இருந்தது. பெரிய ஆளாக இருப்பது உதவும்தான், இல்லையென்று சொல்லவில்லை.

இதோ, "இன்டிகோவே இப்போது பெரிய கம்பெனிதானே" என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். ஆமாம் ஐயா, உள்நாட்டில் பறக்கிறவர்களில் பாதிக்கு மேல் அதில்தான் போகிறார்கள். ஜெட் ஏர்வேஸ் கொடிகட்டிப் பறந்த காலத்தில் பட்ஜெட் டிக்கெட்டோடு வந்த கம்பெனி அது. நீங்கள் கூட்டி வந்த சாட்சி என் பக்கம் பேசுகிறது. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், நான் உட்காருகிறேன்.