பதில் வராத வட்டம்

தலைவர் அவர்களே, மாணவ மாணவியரே, வணக்கம்.

சென்ற மாதம் திருநெல்வேலி சந்திப்பில் ஒரு கடையில் அரைக்கிலோ அல்வா வாங்கிவிட்டுக் கைபேசியில் பணம் அனுப்பினேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரர், "இன்னும் வரலியே அண்ணாச்சி" என்றார். மறுபடியும் அனுப்பினேன், சற்று நேரத்தில் இரண்டு தொகையும் வந்து விழுந்தன. ஒன்றை அவர் கல்லாவிலிருந்து எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றாலும், அந்த வட்டத்தையும் அதன் பின்னால் வேலை செய்யும் வலைச்சேவையையும் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நாம் கண்ணால் படிப்பது வலைப்பக்கம். ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் வலை வழியே வேலை கேட்டுப் பெறுவதற்குத் திறந்துவைத்த வாசல் வலைச்சேவை. ஒரு நிரல் ஜாவா என்ற நிரல்மொழியிலும் மற்றது பைத்தான் என்ற நிரல்மொழியிலும் எழுதப்பட்டிருந்தாலும், செய்தியின் வடிவத்தில் இரண்டும் உடன்பட்டிருந்தால் போதும்.

இப்படி வேலை கேட்கும் பாணிகளில் மூத்தது ஆர்பிசி, அதாவது தொலைநிலைச் செயல்கூறு அழைப்பு. தொலைவில் உள்ள கணினியில் ஓடும் செயல்கூறை, அதாவது நிரலில் ஒரு வேலையைச் செய்யும் பகுதியை, நம் கணினியிலேயே இருப்பதுபோல் பெயர் சொல்லி அழைப்பது அது. கணினி ஆய்வாளர்களான பிர்ரெலும் நெல்சனும் 1984இல் எழுதிய கட்டுரை அதற்கு நல்ல அடித்தளம் இட்டது. எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் உறை, தலைப்பகுதி, உடற்பகுதி என்று செய்தியை அடுக்கி அனுப்பும் சோப் என்ற முறை, 2003இல் 1.2ஆம் பதிப்பாக, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரை ஆனது. கட்டுக்கோப்பானதுதான், ஆனால் இரண்டு எண்களைக் கூட்டச் சொல்வதற்கும் பத்திரப்பதிவு போல அத்தனை தாள் வேண்டும். அதைவிட, அருகில் இருப்பதுபோல் அழைப்பதிலேயே ஒரு மயக்கம் இருப்பதாக எனக்குப் படுகிறது. உள்ளூர்ச் செயல்கூறு பெரும்பாலும் முடியும் அல்லது பிழை சொல்லும். தொலைவில் உள்ளதற்கோ மூன்றாவது நிலையும் உண்டு: வேலை நடந்ததா இல்லையா என்று அழைத்தவருக்கே தெரியாத நிலை.

வலையில் செய்தி பரிமாறும் விதிமுறையான எச்டிடிபி 1.1ஐ வகுத்தவர்களில் ஒருவரான ராய் ஃபீல்டிங், 2000இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற பாணியை விளக்கினார். இங்கே வினைக்குப் பெயர் வைப்பதில்லை. பொருளுக்கு முகவரி தருகிறோம். 'ஆணைகள்/57' என்ற முகவரி ஒரு கொள்முதல் ஆணையைக் குறிக்கிறது என்று வையுங்கள். அதற்கு கெட் ('விவரம் தா' என்ற கோரிக்கை) அனுப்பினால் அந்த ஆணையின் விவரம் பெரும்பாலும் ஜேசான் என்ற எளிய உரை வடிவில் வரும். அதற்கே புட் ('இங்கே இதையே வை' என்ற கோரிக்கை) அனுப்பி 'அல்வா அரைக்கிலோ' என்று எழுதினால், பதில் வராமல் பத்து முறை அனுப்பினாலும் அரைக்கிலோவாகவே நிற்கும். 'ஆணைகள்' என்ற முகவரிக்கு போஸ்ட் ('புதிதாகச் சேர்' என்ற கோரிக்கை) அனுப்பிப் புதிய ஆணை போடச் சொன்னாலோ, இரண்டாவது அனுப்பலில் இன்னொரு அரைக்கிலோ சேர்ந்துவிடக்கூடும். ஆகவே கேட்பவரே ஒரு தனி எண்ணை இட்டு அனுப்ப வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர், அதாவது பதில் தரும் கணினி, புதிதாக எதுவும் செய்யாமல் பழைய பதிலையே தர வேண்டும்.

2015இல் வெளியான கிராஃப்க்யூஎல், வேண்டிய விவரத்தை மட்டும் கேட்டு வாங்கும் வழி. அது தனிப் பேச்சுக்கு உரியது.

செய்தியை வரிசையில் போட்டுவிட்டுக் காத்திராமல் போகும் பாணியும் உண்டு. தபால்பெட்டியில் கடிதம் போட்டவர் அங்கேயே நிற்பதில்லை அல்லவா? ஆனால் 'ஒரு முறையாவது சேர்ப்போம்' என்று உறுதி தரும் வரிசை, சில வேளை இரண்டு முறையும் சேர்த்துவிடும். அங்கேயும் அந்தத் தனி எண்தான் காப்பு.

நாளை ஆய்வகத்தில் போஸ்ட் அனுப்பியவுடன், பதில் வருமுன் வலை இணைப்பு வயரைப் பிடுங்குங்கள். மறுபடி செருகி அனுப்பிவிட்டு, பட்டியலில் எத்தனை ஆணை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.