மம் பெட்டின் கையிலிருந்த தழும்பு

(பாஸ்டன் பக்கத்துத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பள்ளி முதல்வர் அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் முன்னாள் தலைவர்களே, இந்நாள் தலைவரே, வருங்காலத் தலைவர்களே (யாரென்று நான் சொல்ல மாட்டேன்), சனிக்கிழமைத் தூக்கத்தை நமக்காகத் துறந்த ஆசிரியர்களே, விடியற்காலையில் வந்து நாற்காலி போட்ட தன்னார்வலர்களே, பேரப்பிள்ளைகளின் நடனம் எப்போது வரும் என்று காத்திருக்கும் தாத்தா பாட்டிகளே, அனைவருக்கும் வணக்கம். சிற்றுண்டிக் குழுவைத் தனியாக வாழ்த்த வேண்டும். வடை வாசனை மேடை வரைக்கும் வருகிறது. ஆகவே சுருக்கமாகப் பேசுகிறேன்.

அமெரிக்காவின் தொடக்க கால வீரப் பெண்களைப் பிள்ளைகளுக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்பது எனக்குத் தந்த தலைப்பு. மூன்று பேரைப் பற்றிச் சொல்லப் போகிறேன்: பில்லிஸ் வீட்லி, எலிசபெத் ஃப்ரீமன், டெபோரா சாம்ப்சன். மூவரும் வாழ்ந்தது இதே மாசசூசெட்ஸில்.

நம் பிள்ளைகளின் பள்ளிகளில் மெழுகு அருங்காட்சியகம் என்று ஒன்று நடத்துகிறார்கள். பிள்ளை தொப்பியும் பாவாடையும் போட்டுக்கொண்டு சிலை மாதிரி நிற்கும். எதிரே ஒட்டிய காகிதப் பொத்தானை நாம் அழுத்தினால் உயிர் வந்து நாலு வரி ஒப்பிக்கும்: பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, செய்த சாதனை. நாம் கைதட்டிப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடுவோம். மறுவாரம் அந்தப் பெண் யாரென்று கேட்டுப் பாருங்கள், பிள்ளைக்குத் தொப்பிதான் ஞாபகம் இருக்கும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மாவா சொன்னார்கள்?

பில்லிஸ் வீட்லியை எடுத்துக்கொள்வோம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 1761-இல் பாஸ்டன் துறைமுகத்துக்கு அடிமையாகக் கொண்டுவரப்பட்ட சிறுமி. முன்பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து ஏழு, எட்டு வயதிருக்கும் என்று கணித்தார்கள். ஏறிவந்த கப்பலின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். 1773-இல் அவர் கவிதை நூல் லண்டனில் வெளியானது. இவளே எழுதியதுதான் என்று பாஸ்டன் பிரமுகர்கள் 18 பேர் கையெழுத்துப் போட்டு உறுதி சொல்ல வேண்டியிருந்தது. நம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு 1773 வேண்டாம், அந்த விழுந்த பல்லைச் சொல்லுங்கள். தன் வாயில் உள்ள ஓட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும்.

இனி எலிசபெத் ஃப்ரீமன். அப்போது அவரை மம் பெட் என்றுதான் கூப்பிட்டார்கள். மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஷெஃபீல்டு என்ற ஊர். கர்னல் ஜான் ஆஷ்லி அங்கே பெரிய மனிதர், நீதிபதியும்கூட. அவர் வீட்டு அடிமை பெட். வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கோபத்தில், அடுப்பில் பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை ஒரு சின்னப் பெண்மேல் ஓங்கினார். அந்தப் பெண் பெட்டின் தங்கை என்பார்கள், மகள் என்பாரும் உண்டு. பெட் குறுக்கே பாய்ந்து கையைக் கொடுத்தார். அடி எலும்பு வரைக்கும் இறங்கியது.

இப்போதுதான் கதை. காயம் ஆறும் வரை அவர் அந்தக் கையைத் துணி போட்டு மறைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்தவர்கள், அதுவும் அம்மாவை வைத்துக்கொண்டே, “பெட், கைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்பார்கள். பெட் ஒரே பதில்தான் சொல்வார்: “எசமானியம்மாவைக் கேளுங்க.” (கைதட்டல்) தட்டுங்கள், தட்டுங்கள். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. விருந்தாளி முன்னால் அந்த அம்மாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரிந்திருக்காது!

1780-இல் மாசசூசெட்ஸுக்கு அரசியல் சட்டம் வந்தது. எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்பது அதன் உரிமைப் பிரகடனத்தில் முதல் பிரிவு. அதை ஆமோதித்தவர்களிலேயே சிலர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். ஏட்டுச் சுரைக்காய்தானே? அதை யாரோ படிக்கக் கேட்டார் பெட். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நேரே தியோடர் செட்ஜ்விக் என்ற வக்கீலிடம் போய், “நான் வாயில்லாப் பிராணி இல்லை. சட்டம் எனக்கு விடுதலை தராதா?” என்று கேட்டதாக அந்த வக்கீலின் மகள் எழுதியிருக்கிறார். ஏட்டில் இருந்த சுரைக்காயை அறுத்துக் கறி வைத்தது அந்த எழுத்தறியாத கை. பிராம் என்ற இன்னொரு அடிமையும் வழக்கில் சேர்ந்தார். 1781 ஆகஸ்டில் கிரேட் பேரிங்டன் நீதிமன்றத்தில் ஜூரிகள் இருவரையும் விடுவித்து, ஆஷ்லி 30 ஷில்லிங் இழப்பீடு தர வேண்டும் என்றார்கள். கூலி தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டார். பெட் போகவில்லை. வக்கீல் வீட்டில் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பின்னாளில் கடனில் தவித்த விவசாயிகள் அரசை எதிர்த்து எழுந்த ஷேஸ் கலகத்தின்போது கலகக்காரர்கள் அந்த வீட்டைச் சோதனை போட வந்தபோது, வெள்ளிச் சாமான்களைத் தன் பெட்டிக்குள் ஒளித்து வைத்து, ஒரு வேலைக்காரியின் பெட்டியையுமா கிளறப் போகிறீர்கள் என்று கேட்டே அவர்களை வெட்கப்பட வைத்தார்!

நீல உடையும் தங்க மணிமாலையுமாக 1811-இல் வரைந்த அவர் ஓவியம் பாஸ்டனில், மாசசூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. 1829-இல் இறந்தார், ஸ்டாக்பிரிட்ஜில், செட்ஜ்விக் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள்.

அடிமைக் கதையெல்லாம் குழந்தைக்குச் சொல்லலாமா என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். இராவணன் சீதையைத் தூக்கிப் போனதை மூன்று வயதில் சொல்லவில்லையா? நான் தயங்குவது வேறு இடத்தில். 1777-இல், அமெரிக்க விடுதலைப் போரின்போது, இரவோடு இரவாகக் குதிரையில் போய்ப் படையைத் திரட்டினாள் என்கிற பதினாறு வயது சிபில் லூடிங்டன் கதை நூறு ஆண்டு கழித்துத்தான் அச்சேறியது. அதைச் சொல்லும்போது, இப்படிச் சொல்வார்கள் என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

சரி, நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். செயற்குழு நண்பர்களுக்குத் தெரியும், எந்த மேடை கிடைத்தாலும் இதைத்தான் கேட்பேன். சனிக்கிழமை வகுப்பில் அரை மணி கதை நேரம் வேண்டும். தேர்வு கூடாது, பயிற்சித் தாள் கூடாது, கோடிட்ட இடம் நிரப்புவது கூடவே கூடாது. இந்தப் பெண்களின் கதையைப் பிள்ளை பகல் பள்ளியில் ஆங்கிலத்தில் ஏற்கெனவே கேட்டிருக்கும். கதை தெரியும் என்பதால் தமிழ்ச் சொல் நாலு புரியாவிட்டாலும் ஊகித்துக்கொண்டு கூடவே வரும். தமிழ் தெரியாத பிள்ளைக்குத் தெரியாத கதையைச் சொன்னால் இரண்டு சுமை. தெரிந்த கதைக்கு ஒன்றுதான். பாடநூலை மட்டும் நம்பினால், தலைவர் அவர்களே, ஏட்டுச் சுரைக்காய்தான்.

செயலாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அப்புறம் டெபோரா சாம்ப்சன்... ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற ஆண் பெயரில் 1782-இல் அதே விடுதலைப் போருக்கான பட்டாளத்தில் சேர்ந்து பதினேழு மாதம் இருந்தவர். தொடையில் பாய்ந்த குண்டை, குட்டு வெளிப்படாமல் இருக்கத் தானே தோண்டி எடுத்தவர். சொல்ல நிறைய இருக்கிறது, நேரமில்லை. காபி மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், கதை சொல்ல வருகிறவர்கள் பெயர் எழுதுங்கள். தாத்தா பாட்டிகளுக்கு முதல் பக்கம். மம் பெட் கதைக்கு ஆள் நான்தான். டெபோராவுக்கு ஆள் வேண்டும். நன்றி, வணக்கம்.