பாலத்தடியில் ஒரு பூங்கா

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், சிக்கானோ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மெக்சிக்க வம்சாவளியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பாரியோ லோகன் பகுதியில், கொரோனாடோ பாலத்தின் கான்கிரீட் தூண்களுக்கு நடுவே சிக்கானோ பூங்கா அமைந்திருக்கிறது. அதைப் பெற்றுத் தந்ததிலும், அதைவிடக் கடினமான வேலையாகிய காத்துவருவதிலும் பெண்களுக்குள்ள பங்கைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1960களில் நெடுஞ்சாலை அந்தக் குடியிருப்பை இரண்டாகப் பிளந்தது. 1969இல் திறக்கப்பட்ட பாலத்துக்காக மேலும் பல வீடுகள் இடிபட்டன. எஞ்சிய நிலமாவது பூங்காவாகும் என்று மக்கள் காத்திருக்க, 1970 ஏப்ரல் 22 அன்று அங்கே வந்து நின்றவை புல்டோசர்கள். நெடுஞ்சாலைக் காவல்துறைக்கு நிலையம் கட்டப்போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், மாணவர்களும் குழந்தைகளோடு தாய்மார்களும் திரண்டுவந்து, கைகோத்து இயந்திரங்களைச் சூழ்ந்து நின்றார்கள்.

அந்தப் போராட்டம் பன்னிரண்டு நாள் நீடித்தது. பன்னிரண்டு நாள் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அத்தனை நாளும் அத்தனை பேருக்கும் சாப்பாடு எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. பெண்கள் சமைத்துக் கொண்டுவந்தார்கள். அவர்களே மண்ணைக் கொத்திக் கள்ளியும் பூச்செடிகளும் நட்டார்கள். மேடையில் பேசியவர்களின் பெயர்களைக் குறித்துவைக்கும் வரலாறு, இந்தக் கைகளை மறந்துவிடுகிறது என்பதே என் நெடுநாளைய ஆதங்கம்.

அதே ஆண்டு, அப்பகுதி மக்களுக்கு மருத்துவமனை வேண்டும் என்று நடந்த போராட்டத்தில், லாரா ரோட்ரிகஸ் என்ற மூதாட்டி கட்டடத்தின் கதவோடு தம்மைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டார். இன்று பூங்காவின் தூண் ஒன்றில் அவருடைய முகம் தீட்டப்பட்டிருக்கிறது. தூண்களில் ஓவியம் தீட்டும் பணி 1973இல் தொடங்கியது. முதலில் தூரிகை பிடித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1975இல் சாக்ரமெண்டோவிலிருந்து சீலியா ஹெரேரா ரோட்ரிகஸ், இர்மா லெர்மா பர்போசா உள்ளிட்ட பெண் ஓவியர்கள் வந்து, தங்களுக்கென ஒரு தூணை எடுத்துக்கொண்டார்கள். 1978இல் ஓவியர் யோலாண்டா லோபஸ் பள்ளி மாணவியரைச் சேர்த்துக்கொண்டு அவர்கள் கையாலேயே ஓவியம் தீட்டச் செய்தார். இதை நான் மிகவும் மதிக்கிறேன். வெறும் பார்வையாளர்களாக நின்றிருக்கக்கூடிய சிறுமியர் அந்தப் பூங்காவின் உரிமையாளர்களானார்கள்.

இனிக் காகித வேலை. நிலத்தை மீட்பது ஒன்று. நாளை எவரும் அதைத் தொடமுடியாதபடி சட்டத்தின் முன் நிலைநிறுத்துவது மற்றொன்று. 1970இல் மாணவியாகப் போராட்டத்தில் நின்ற ஜோசஃபின் தலமாந்தெஸ், பல்லாண்டுகள் கழித்து ஆவணங்களைத் திரட்டி, முறைப்படி விண்ணப்பம் தயாரித்தார். 2013இல் பூங்கா தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் சேர்ந்தது. 2016 இறுதியில் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் இருந்தது பொறுமையான, யாரும் படமெடுக்காத எழுத்துவேலை.

எனக்குரிய நேரம் முடியப்போகிறது. பூங்காவின் வழிநடத்தும் குழுவைப் பல பதிற்றாண்டுகளாகத் தலைமை தாங்கி நடத்திவந்த டாமி கமரில்லோ அம்மையாரைப் பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். எந்தத் தூணில் என்ன வரையலாம், ஒவ்வோர் ஏப்ரலிலும் விழாவை எப்படி நடத்துவது என்பதையெல்லாம் தீர்மானிப்பது அந்தக் குழுவே. பூங்காவை ஒட்டி 2022இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை உருவாக்கியதிலும் தலமாந்தெஸ் முன்னின்றார். சான் டியாகோ செல்லும் வாய்ப்பு அமைந்தால், நேயர்கள் இரண்டையும் பார்த்துவரவேண்டும். வணக்கம்.