மூன்று புள்ளி, ஒரே கேலக்ஸி: ஈர்ப்பு லென்ஸ் வழியாக ஒரு தேடல்

[திரை: ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். நடுவில் மஞ்சள் கேலக்ஸிகளின் கூட்டம், சுற்றி மூன்று வட்டங்கள்.]

வட்டம் போட்ட இடங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மங்கலாக மூன்று செம்புள்ளிகள் தெரியும், மூன்றும் ஒரே கேலக்ஸி. பெயர் மேக்ஸ்0647-ஜேடி. வானியலாளர் டான் கோ தலைமையிலான குழு 2012-இல் இதை அறிவித்தது.

நடுவில் இருக்கும் மஞ்சள் கூட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கூட்டத்தின் ஒளி நம்மிடம் வர சுமார் 560 கோடி ஆண்டுகள் ஆகின்றன, செம்புள்ளியின் ஒளியோ கிளம்பி 1300 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகிறது. வழியில் அந்தக் கூட்டம் குறுக்கே நிற்கிறது. அதன் நிறை, அதிலும் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், சுற்றியுள்ள வெளியையே வளைத்துவிடுவதால், பின்னாலிருந்து வரும் ஒளி மூன்று பாதைகளில் வளைந்து நம்மிடம் வந்து சேர்கிறது, வரும்போது பிரகாசமும் கூடுகிறது. மூன்றில் பளிச்சென்ற பிம்பம் சுமார் 8 மடங்கு. இப்படி ஒளியை வளைத்துப் பெரிதாக்கிக் காட்டும் கூட்டம்தான் ஈர்ப்பு லென்ஸ்.

1936-இல் ஐன்ஸ்டைன் இந்தக் கணக்கை ஒற்றை நட்சத்திரத்துக்குப் போட்டுப் பார்த்தார், அதுவும் மாண்டல் என்ற பொறியாளர் வந்து கேட்டுக்கொண்டதால். நேரில் பார்க்க வாய்ப்பில்லை என்றும் எழுதிவிட்டார். அடுத்த ஆண்டே வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கேலக்ஸிகளே லென்ஸாகும் என்றார். அவர் சொன்னதுதான் சரி. முதல் ஈர்ப்பு லென்ஸ் 1979-இல் கிடைத்தது.

[திரை: ஒரே புள்ளி, வெவ்வேறு ஃபில்டர்களில்.]

சரி, இவ்வளவு தொலைவு என்று எப்படித் தெரியும்? ஆரம்ப காலப் பேரண்டம் முழுக்க ஹைட்ரஜன். அலைநீளம் 0.12 மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான புற ஊதா ஒளியை அது விழுங்கிவிடும், அந்த இடத்தோடு ஒளி வெட்டுப்பட்டுவிடும். பேரண்டம் விரிய விரிய அந்த வெட்டு விழும் இடமும் நீண்டு அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. இந்தக் கேலக்ஸிக்கு 1.36 மைக்ரான். அதனால்தான் ஹப்பிளின் மிக நீண்ட அலைநீளத்துக்கான கடைசி இரண்டு ஃபில்டர்களில் மட்டும் தெளிவாகத் தெரிந்தது, மற்றவற்றில் ஆளைக் காணோம்.

ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் தொலைவில் இருப்பதல்ல. தூசி நிறைந்த பக்கத்துக் கேலக்ஸியும், நம் பால்வீதியிலேயே இருக்கும் குளிர்ந்த குட்டி நட்சத்திரமும் இதே மாதிரி ஏமாற்றும். இங்கேதான் அந்த மூன்று பிம்பங்கள் கைகொடுக்கின்றன. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் நட்சத்திரம் மூன்றாகத் தெரியவே தெரியாது. அப்புறம், பின்னால் இருப்பது எவ்வளவு தொலைவோ அதற்கேற்ப பிம்பங்கள் கூட்டத்தின் மையத்திலிருந்து விலகித் தெரியும், ஆக நிறத்தைப் பார்க்காமல் வெறும் வடிவியலை வைத்தே தொலைவைச் சரிபார்க்கலாம். என்னைக் கேட்டால், பெரிதாக்கிக் காட்டுவதைவிட லென்ஸ் செய்யும் பெரிய உதவி இதுதான்.

இதற்கு ஒரு விலை உண்டு. 8 மடங்கு பெரிதாக்கினால் பார்க்கும் பரப்பு 8-இல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும், மங்கலானவை தெரியும், ஆனால் மிகக் குறுகிய துண்டு வானத்தில்தான். அரிதான பிரகாசக் கேலக்ஸிகளைப் பிடிக்க அகலமாகத் தேட வேண்டும். அடுத்தடுத்து தொலைவுச் சாதனை படைத்த ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0, மாம்-இசட்14 ஆகிய கேலக்ஸிகள் இரண்டும் பெரிய லென்ஸ் உதவி இல்லாமல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பிடித்தவை. 'தொலைதூர சாதனைக்கு லென்ஸ்தான் வழி' என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் பழைய கதையைச் சொல்கிறார்கள்.

[திரை: வெப் எடுத்த படம், அதே புள்ளி பெரிதாக.]

மேக்ஸ்0647-ஜேடியை வெப் திரும்பப் பார்த்தபோது நிறமாலை தொலைவை உறுதி செய்தது. பேரண்டம் விரிவதால் ஒளி எவ்வளவு நீண்டது என்பதைக் காட்டும் செம்பெயர்ச்சி 10.17, அதாவது பெருவெடிப்புக்குப் பின் சுமார் 46 கோடி ஆண்டுகள். ஹப்பிளுக்கு ஒற்றைப் புள்ளியாகத் தெரிந்தது இங்கே இரண்டாகப் பிரிந்தது, ஒன்று நீலம், இன்னொன்று கொஞ்சம் சிவப்பு. இரண்டு கேலக்ஸிகள் மோதி இணைகின்றனவா என்பதே இப்போதைய கேள்வி. ஏறக்குறைய அதே காலத்தைச் சேர்ந்த காஸ்மிக் ஜெம்ஸ் என்ற, லென்ஸால் வில்லாக நீண்டு தெரியும் கேலக்ஸியில், 2024-இல் வெளியான ஆய்வில், ஐந்து தனித்தனி நட்சத்திரக் கொத்துகளே தெரிந்தன. ஒவ்வொன்றும் சில ஒளியாண்டு அளவுதான். லென்ஸ் இல்லாமல் வெப் தொலைநோக்கிக்கும் அது எட்டாது.