வெளியான அன்று திறக்காத விளையாட்டு

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

காரைக்குடியில் ஒரு கல்லூரியில் கணினி வலையமைப்புப் பாடம் நடத்துகிறேன். இன்று ஆன்லைன் விளையாட்டுகளைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் விளையாடலாமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டு வெளியான அன்றைக்கே திறக்காமல் போகிறதே, அது ஏன், அதற்கு யார் பொறுப்பு என்பதுதான் என் பேச்சு.

இது நம் செட்டிநாட்டுக்கு என்ன சம்பந்தம் என்று பெரியவர்கள் கேட்கலாம். கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய காலத்திலிருந்தே நம் பக்கத்துக் குடும்பங்களில் பாதிப் பேர் ஊரில், பாதிப் பேர் கடல் கடந்து. இன்றைக்கும் பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ இருக்கும் பையனுக்குச் சிங்கப்பூரில் ஒரு சித்தப்பா மகன் இருப்பான். வருஷத்துக்கு ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்டால் உண்டு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பேரும் ஆன்லைன் விளையாட்டில் ஒரே ஸ்குவாடில், அதாவது ஒரே அணியில், சேர்ந்துவிடுவார்கள். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, சுட்டுக்கொண்டும் ஓடிக்கொண்டும் இருக்கும்போதே, "அப்பத்தாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று விசாரித்துக்கொள்வார்கள். அந்த நேரம் அவர்களுக்கு முக்கியம். எனக்கும் அது முக்கியமாகத்தான் படுகிறது. ஆகவே அந்த விளையாட்டைச் செய்து விற்பவர்கள் பொறுப்போடு நடந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் இது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். போனில் ஆடும் பிஜிஎம்ஐ போன்ற சுடும் விளையாட்டில் ஒரு மேட்சுக்கு 100 பேர் வரை இறங்குகிறார்கள். யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மேல் பட்டது என்பதைப் பையனின் போன் மட்டும் முடிவு செய்வதில்லை. எங்கோ ஒரு தரவு மையத்தில் இருக்கும் சர்வர் என்ற கணினிதான் கடைசி முடிவைச் சொல்கிறது. அதற்கு முன்னால் வேறு சர்வர்கள் இருக்கின்றன. நீ யார் என்று பார்த்து லாகின் செய்து உள்ளே விட ஒன்று. உன் கணக்கில் என்ன துப்பாக்கி, என்ன உடை இருக்கிறது என்று எடுத்துத் தர ஒரு தரவுத்தளம். உனக்கேற்ற ஆட்களைத் தேடிச் சேர்க்க இன்னொன்று. இவற்றில் ஏதாவது ஒன்று மூச்சுத் திணறினாலும் பையனுக்குத் தெரிவது ஒரே காட்சிதான்: திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2012 மே 15 அன்று டயாப்லோ 3 வெளியானது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆட்கள் காத்திருந்த விளையாட்டு அது. முதல் 24 மணி நேரத்தில் 35 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாக அதைச் செய்த பிளிஸார்டு நிறுவனமே அறிவித்தது. அன்று வாங்கியவர்களில் பலர் பார்த்தது 'எரர் 37' என்ற செய்தியைத்தான். சர்வர்கள் நெரிசலில் இருக்கின்றன, பிறகு முயலுங்கள் என்று அதற்கு அர்த்தம். இதில் என்னை உறுத்துவது வேறொன்று. தனியாக உட்கார்ந்து விளையாட விரும்பியவர்களும் சர்வருக்குள் போயே ஆகவேண்டும் என்று அந்த விளையாட்டை அமைத்திருந்தார்கள். யாரோடும் சேராமல் தன் வீட்டில் தன் கணினியில் விளையாட நினைத்தவரும் அதே கூட்டத்தில் நிற்க வேண்டியதாயிற்று. தென்கொரியாவில் ஆட்கள் சும்மா விடவில்லை. புகார்கள் குவிந்து, அந்நாட்டு நியாய வணிக ஆணையம் விசாரணையில் இறங்கியது. அதன் பிறகு நிறுவனம் அங்கே பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் மோசம். 2013 மார்ச்சில் சிம்சிட்டி வந்தது. நகரம் கட்டும் விளையாட்டு. சாலை போடலாம், குழாய் பதிக்கலாம், வீடு கட்டி ஆட்களைக் குடிவைக்கலாம். அதற்கு முந்தைய சிம்சிட்டிகளை எல்லோரும் தனியாகவே, இணையம் இல்லாமலே விளையாடினார்கள். இதற்கு மட்டும் எப்போதும் இணைப்பு வேண்டும் என்றார்கள். வெளியான நாளில் சர்வர்கள் தாங்கவில்லை. உள்ளே போனவர்களில் சிலர் கட்டிய நகரத்தைத் தொலைத்தார்கள். பாரத்தைக் குறைக்க வேண்டி, நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியையே நிறுவனம் நிறுத்திவைத்தது. அமேசான் தளம் அதன் டவுன்லோடு விற்பனையைச் சில காலம் நிறுத்தியது. வாங்கியவர்களுக்கு, அதை வெளியிட்ட ஈஏ நிறுவனம் வேறொரு விளையாட்டை இலவசமாகக் கொடுத்தது.

சர்வர் ஏன் தேவை என்று கேட்டவர்களுக்கு, கணக்கீடுகளில் ஒரு பெரும் பகுதி எங்கள் சர்வரில்தான் நடக்கிறது என்று பதில் வந்தது. ஆனால் இணைப்பைத் துண்டித்த பிறகும் நகரம் ஓடுவதை விளையாடுகிறவர்கள் கண்டுபிடித்துக் காட்டினார்கள். ஓர் ஆண்டு கழித்து, 2014 மார்ச்சில், இணையம் இல்லாமலே விளையாடும் வசதியை அதே நிறுவனம் ஒரு அப்டேட்டில் கொடுத்தது. அப்படியானால் முதல் நாளே கொடுத்திருக்க வேண்டியதுதானே? சர்வர் விழுவது ஒரு கோளாறு. கோளாறு எல்லா இயந்திரத்துக்கும் வரும். சர்வர் இல்லாமல் முடியவே முடியாது என்று வாங்கியவரிடம் சொல்லிவிட்டுப் பிறகு முடித்துக் காட்டுவது நம்பிக்கையை உடைக்கிற காரியம். 2015 மார்ச்சில் அந்த விளையாட்டைச் செய்த, கலிபோர்னியாவின் எமரிவில் நகரில் இருந்த ஸ்டுடியோவையே மூடிவிட்டார்கள். அங்கே இருந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தம்தான். நிரல் எழுதியவர்கள் திறமைசாலிகள். விற்பனைத் தேதியையும் கட்டாய இணைப்பையும் முடிவு செய்த இடம் பெரும்பாலும் வேறாகத்தான் இருக்கும்.

"எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டார்கள்" என்பது இப்படிப்பட்ட நேரத்தில் நிறுவனங்கள் சொல்கிற வழக்கமான காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நம் ஊர்க் கல்யாண வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாங்கட்டில் ஒரு பந்திக்கு இருநூறு பேர் உட்காரலாம். சமையல் ஆயிரம் பேருக்குத் தயார். ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் வந்தால் சோறு தீர்ந்தா போகிறது? இல்லை, வாசலில்தான் நெரிசல். இடம் கிடைத்தவர்களோ எழுந்தால் மறுபடி கிடைக்காதோ என்று சாப்பிட்ட இலையை விட்டு எழாமல் இருப்பார்கள். காத்திருப்பவர்கள் ஒவ்வொரு நிமிஷமும் கதவைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். சர்வரிலும் அச்சு அசலாக இதுதான் நடக்கிறது. லாகின் கிடைக்காதவர் மறுபடி மறுபடி பட்டனை அழுத்துகிறார். ஒருவரே பத்துப் பேர் போட வேண்டிய பாரத்தைப் போடுகிறார். ஒரு தடவை சர்வர் விழுந்து எழுந்தால் வெளியே தள்ளப்பட்ட அத்தனை பேரும் அதே நொடியில் உள்ளே பாய்கிறார்கள். அது மறுபடி விழுகிறது.

2024 பிப்ரவரி 8 அன்று வெளியான ஹெல்டைவர்ஸ் 2 இதற்குச் சரியான உதாரணம். சுவீடனில் இருக்கும் ஆரோஹெட் என்ற, பெரியது என்று சொல்ல முடியாத ஸ்டுடியோ செய்தது. கூட்டம் அலைமோதியதால் ஒரே நேரத்தில் 4,50,000 பேர் என்று வரம்பு வைத்தார்கள். பிறகு அதைப் படிப்படியாக ஏற்றினார்கள். உள்ளே போனவர்கள் தூங்கப் போகும்போதும் வேலைக்குப் போகும்போதும் விளையாட்டை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். சும்மா நிற்பவர்களைத் தானாக வெளியேற்றும் ஏற்பாட்டை அப்புறம்தான் சேர்த்தார்கள். இயந்திரத்தைக் கூட்டினால் போதாதா என்று என் மாணவர்கள் கேட்பார்கள். வாடகைக்குக் கணினி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், சரி. ஆனால் எல்லாக் கணினிகளும் கடைசியில் கையேந்துவது ஒரே தரவுத்தளத்திடம் என்றால் அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். அதைப் பிரித்து அமைப்பது வடிவமைப்பு வேலை. வெளியீட்டு இரவில் அவசரம் அவசரமாகச் செய்கிற காரியம் இல்லை.

அந்தச் சமயத்தில் ஆரோஹெட்டின் தலைவர் யோஹான் பிலெஸ்டெட் செய்த ஒரு காரியத்தை நான் மதிக்கிறேன். கையில் பணம் குறைவாக இருந்தால் சர்வர் சரியாகும் வரை வாங்காமல் பொறுத்திருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொன்னார். விற்றுக்கொண்டிருக்கும் மனிதர் அப்படிச் சொல்வது சாதாரணம் இல்லை.

கணிப்பு எவ்வளவு தவறிப்போகலாம் என்பதற்கு, போனில் ஆடும் போகிமான் கோ சாட்சி. 2016 ஜூலையில் வெளியானபோது, எதிர்பார்த்ததைப் போல் 5 மடங்கு வந்தால் அதுதான் மிக மோசமான நிலை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வந்தது 50 மடங்கு. இதை அதற்குச் சர்வர் கொடுத்த கூகுள் கிளவுடே பிறகு எழுதியது. அதனால் கணிப்புத் தவறியதற்காக யாரையும் நான் குறை சொல்ல மாட்டேன். கூட்டம் திணறுகிறது என்று தெரிந்த பிறகும் விற்பனையைத் தொடர்கிறார்களே, அதைத்தான் குறை சொல்கிறேன்.

ஒரு நிறுவனம் நிறுத்தியும் காட்டியிருக்கிறது. ஜப்பானின் ஸ்கொயர் எனிக்ஸ் 2010 செப்டம்பரில் ஃபைனல் ஃபேன்டசி 14-ஐ வெளியிட்டது. அரைகுறையாக வந்த விளையாட்டு, எல்லோரும் திட்டினார்கள். நிறுவனத் தலைவர் பொதுவில் மன்னிப்புக் கேட்டார். மாதச் சந்தாவை வசூலிக்காமல் நிறுத்திவைத்தார்கள். நவோகி யோஷிடா என்பவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் பழையதை ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டே பக்கத்தில் புதியதைக் கட்டினார். 2012 நவம்பரில் பழைய விளையாட்டை மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகத் திறந்தார்கள். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே விளையாட்டின் புதிய பகுதி 2021 டிசம்பரில் வந்தபோது மறுபடி கூட்டம், நீண்ட கியூ. உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு இருந்த நேரம், புது சர்வர் வாங்கக் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? விற்பனையையே நிறுத்தினார்கள். நன்றாக விற்றுக்கொண்டிருந்த பொருளை, ஏற்கெனவே வாங்கியவர் விளையாட முடியவில்லையே என்று கடையிலிருந்து எடுத்தார்கள். 2022 ஜனவரி கடைசியில்தான் திரும்ப விற்றார்கள். சந்தாதாரர்களுக்கு 21 நாள் இலவசமாகக் கொடுத்தார்கள். என் வகுப்பில் இதை ஒவ்வொரு ஆண்டும் சொல்கிறேன். மென்பொருள் எழுதப் போகும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டுதான் இந்த ஊரைவிட்டுப் போக வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இணையக் கேபிளில் இருக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். காரைக்குடியிலிருந்து மும்பை நேர்கோட்டில் 1200 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, சிங்கப்பூர் 3000 அளவில். ஆக, போய்த் திரும்ப மும்பைக்குக் குறைந்தது 12 மில்லிநொடி, சிங்கப்பூருக்கு 30. கேபிள் வளைந்து நெளிந்து போவதால் நடைமுறையில் இதைவிடக் கூடவே ஆகும். சாதாரண நாளில் இது ஒரு பொருட்டே இல்லை. வெளியீட்டு நாளில் பக்கத்து சர்வர் நிரம்பிவிட்டால், பல விளையாட்டுகள் தூரத்து சர்வருக்குத் தள்ளிவிடுகின்றன. ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்வந்தால் பிங், அதாவது இந்தப் போய்த் திரும்பும் நேரம், நூறு மில்லிநொடியைத் தாண்டி எங்கோ போய்விடும். பையன் சுட்டது அங்கே போய்ச் சேருவதற்குள் விளையாட்டில் அவன் செத்திருப்பான். "லேக் அடிக்குதுப்பா" என்று கத்துகிறானே, அது இதுதான். வீட்டு நெட்டைக் குறை சொல்லி ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொரு பாடு டவுன்லோடு. இப்போதைய பெரிய கணினி விளையாட்டுகள் பல 100 ஜிபி வரை, சிலது அதற்கு மேலும் போகின்றன. முதல் நாள் பேட்ச் என்ற திருத்தம் தனியாகச் சில ஜிபி வரும். விடுதியில் இருக்கும் மாணவன் நாளொன்றுக்கு 2 ஜிபி என்ற போன் ரீசார்ஜில் இதை எப்படி இறக்குவான்? ஃபைபர் இணைப்பு இருக்கும் நண்பன் வீட்டுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போகிறான். இரவெல்லாம் இறக்கி, காலையில் திறந்தால் சர்வர் டவுன். விளையாட்டை இவ்வளவு பெரிதாகச் செய்கிறவர்கள், இணைப்பு மெதுவாக இருக்கும் ஊர்களுக்காகச் சில நாள் முன்னாலேயே இறக்கிவைக்கும் வசதியைத் தவறாமல் கொடுக்க வேண்டும். பலர் கொடுக்கிறார்கள். எல்லோரும் கொடுப்பதில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். வெளியாகும் முன்பே முன்பதிவு செய்யப் பணம் கேட்டால், ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். டவுன்லோடாக விற்கும் பொருள் தீர்ந்துபோகாது. கெஞ்சுவான், நண்பர்கள் எல்லோரும் முதல் நாளே விளையாடுவார்கள் என்பான். அவன் ஆசையைச் சிறிதாக எண்ண வேண்டாம், ஆனால் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால், கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் ரீஃபண்ட், அதாவது பணத்தைத் திரும்பப் பெற, வழி இருக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் கேட்கலாம். இதில் பல பிள்ளைகள் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. விளையாட்டு திறந்திருக்கும் நேரமெல்லாம் விளையாடிய நேரமாகவே பதிவாகும். லாகின் கியூவில் நிற்பதும் அதில் சேரும். கியூவில் இரவு முழுக்க விட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் அந்த 2 மணி நேரம் எப்போதோ தாண்டியிருக்கும். ஆகவே அரைமணி பார்த்தும் உள்ளே விடவில்லை என்றால் விளையாட்டை மூடுங்கள். பிழைச் செய்தியைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரசீது வந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். திருத்தம் வரும் வரை காத்திருக்க மனமில்லை என்றால் அன்றைக்கே ரீஃபண்ட் கேட்டு எழுதுங்கள்.

வணக்கம்.